விசுக்கோத்தோடு புளோரிடாவுக்கு: பாதிவழியில் கைமாறிய ஸ்ரியறிங்

எங்களிடம் படுக்கை, அடுப்போடு வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் ஒரு ட்ரெயிலர் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்ததிலிருந்து கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் ஒரே கேள்விதான். நாயையும் கூட்டிக்கொண்டு மொன்றியலிலிருந்து புளோரிடா வரை வீதியால் போகலாமா? போகலாம். நாங்கள் போன ஒக்டோபர் கடைசி வாரத்தில் புறப்பட்டு நவம்பர் நடுப்பகுதி தாண்டித் திரும்பி வந்தோம். மொத்தம் இருபத்திரண்டு நாட்கள். போக மட்டும் 2,346 கிலோமீற்றர்.

இந்தப் பதிவு பிந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. வழியில் நடந்த ஒன்றை எழுதுவதா விடுவதா என்று எனக்கு முடிவு வரவில்லை. எழுதச் சொன்னது என் கணவர் யோகன்தான். அவர் வாசித்துச் சரி சொன்ன பிறகுதான் இதைப் போடுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றி. வீடு மொன்றியலின் ரொக்ஸ்பரோ பகுதியில். நான் பதினாறு வருடம் வெஸ்ட் ஐலண்ட் பக்கம் மஞ்சள் பள்ளி பஸ் ஓட்டி, போன ஜூனில் ஓய்வு எடுத்தேன். யோகன் ஒரு பொதியிடும் தொழிற்சாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுபவர். பத்தொன்பது வருடமாக இரவு வேலை. மூன்றாவது ஆள் எங்கள் நாய். மகள் அதற்கு வைத்த பெயர் பிஸ்கொத். பிரெஞ்சில் அது காய்ந்த ரஸ்க். எங்கள் வாயில் அது விசுக்கோத்து ஆகி, பிறகு விசு ஆகிவிட்டது. மகள் வேலைக்காக வன்கூவருக்குப் போனபோது அங்கே வாடகைக்கு எடுத்த வீட்டில் நாய்க்கு இடமில்லை. எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். வயது ஏழு, எடை 27 கிலோ, நிறம் பெயருக்கு ஏற்றது.

ட்ரெயிலர் 21 அடி, பழையது. கர்க்லாண்டில் ஒரு வயதான கியூபெக் தம்பதியிடம் 16,800 டொலருக்கு வாங்கினோம். அந்த மனிதர் எங்களை இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்து எல்லாவற்றையும் காட்டினார். எங்கள் பிக்கப்பில் ஸ்ரியறிங்குக்கு வலப்பக்கம் ட்ரெயிலர் பிறேக்குக்கென்று ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கிறது. அதில் கையால் தள்ளும் ஒரு பிடி. "ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கினால் கால் பிறேக்கைத் தொடாதீர்கள். இந்தப் பிடியை மட்டும் தள்ளுங்கள். பின்னால் இருப்பது இழுபட்டு நேராக வரும்" என்று மூன்று தரம் சொன்னார். யோகன் தலையாட்டினார். நான் கைபேசியில் குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில், கடைத்தொகுதி ஒன்றின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் யோகன் பழகினார். நானும் ஒருக்கால் ஓடிப் பார்க்கிறேன் என்று கேட்டேன்.

"நீர் பதினாறு வருசம் பஸ் ஓடினது காணும். இனி இருந்து வெளியாலை பாத்துக்கொண்டு வாரும். இது என்ர வேலை" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு விட்டேன். இந்தப் பயணத்தில் நான் செய்த முதல் பிழை அது.

நாய்க்கான பத்திரங்கள் பலர் பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. நாய் ஆறு மாதத்துக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் போக இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் மின்னஞ்சலில் பற்றுச்சீட்டு வரும், கட்டணம் இல்லை. திரும்பி கனடாவுக்குள் வர விசர்நாய்த் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. விதிகள் மாறுவதுண்டு, புறப்படும் வாரம் ஒருமுறை சரிபாருங்கள். குளிர்கால ரயரைப் போகமுன்னரே மாற்றிக்கொண்டோம். நவம்பரில் திரும்பும்போது அடிரொண்டாக் மலைப்பக்கம் பனி கொட்டலாம்.

முதல் நாள், செவ்வாய்க்கிழமை. யோகன் திங்கள் காலைதான் கடைசி இரவு வேலை முடித்து வந்தார். ஒரு நாள் முழுக்க ஓய்வெடுங்கள், புதன் போகலாம் என்றேன். கேட்கவில்லை. காலை 6.10க்குப் புறப்பட்டு, சாம்பிளேன் பாலம் கடந்து, 15ஆம் நெடுஞ்சாலையால் எல்லைக்கு 82 கிலோமீற்றர். 7.40க்குப் போய்ச் சேர்ந்து 25 நிமிடம் வரிசையில் நின்றோம்.

எல்லையில் இருந்த இளம் அதிகாரி, சாப்பாடு என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். நான் பட்டியலை நீட்டினேன். பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையில் முதல் நாள் வாங்கிய கறிவேப்பிலைப் பொதியை உடனே எடுத்துவிட்டார். தோடை, எலுமிச்சைச் செடி வகைகளுக்கு நோய் கொண்டுவருமாம், எந்த வடிவிலும் விடமாட்டார்களாம். அடுத்ததாகக் கருவாட்டுப் பையைத் திறந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு உடனே மூடினார். "இது மீன்தானே? கொண்டுபோங்கள், தயவுசெய்து கொண்டுபோங்கள்" என்றார். விசுவின் பற்றுச்சீட்டை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

அன்று அல்பனிக்கு மேற்கே ஒரு முகாமிடத்தில் தங்கினோம். 410 கிலோமீற்றர், நடுவில் இரண்டு நிறுத்தம், பின்னேரம் 2.30க்குச் சேர்ந்தோம். மின்சாரம் தண்ணீர் எல்லாம் சேர்த்து 45 அமெரிக்க டொலர். வடக்கு நியூயோர்க்கில் ஒக்டோபர் நடுவோடு பல முகாமிடங்கள் மூடிவிடும். வருடம் முழுக்கத் திறந்திருக்கும் இடத்தை முதலே தேடிப் பதிந்துவிடுங்கள்.

இரண்டாம் நாள், புதன். 8.20க்குப் புறப்பட்டோம். 88ஆம் நெடுஞ்சாலையால் பிங்காம்டன், அங்கிருந்து 81ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே. 95ஆம் நெடுஞ்சாலையை விட இது மலைப்பாதை, ஆனால் பெரிய நகரங்கள் இல்லை. சமையல் வாயுச் சிலிண்டரோடு போகக்கூடாத சுரங்கப்பாதைகளும் இல்லை. 12.20க்கு ஸ்க்ரான்டன் தாண்டி ஓர் ஓய்விடத்தில் நிறுத்தி, முதல் நாள் வைத்த கோழிக்கறியைச் சூடாக்கிச் சோற்றோடு சாப்பிட்டோம். விசு தன் வார்ப்பட்டியைச் சொறிந்து சொறிந்து அழுதது. பாவம் பார்த்து, பின் இருக்கையில் அதைப் பட்டியிலிருந்து கழற்றிவிட்டேன். இது இரண்டாவது பிழை. இதுவும் என்னுடையதுதான்.

2.05 இருக்கும். ஹேசில்டன் பக்கம் ஒரு நீண்ட இறக்கம். மணிக்கு 98 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருந்தோம். நான் கைபேசியில் அடுத்த முகாமிடத்தின் விலாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதை விலகினால் அதிரட்டும் என்று வீதியோரத்தில் வெட்டி வைத்திருக்கும் சின்னப் பள்ளங்களில் வலப்பக்க ரயர் ஏறி, வண்டி முழுக்கக் கடகடவென்று அதிர்ந்தது. யோகன் திடுக்கிட்டு ஸ்ரியறிங்கை இடப்பக்கம் வெட்டினார்.

பின்னால் ட்ரெயிலர் ஆடத் தொடங்கியது. என் பக்கக் கண்ணாடியில் அதன் பக்கச்சுவர் முழுவதும் தெரிந்தது, பிறகு மறைந்தது, பிறகு முன்னையதை விட அகலமாகத் தெரிந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிக்கப்பின் பின்பாகம் கூடவே இழுபட்டது. இடது பாதையில் வந்த பெரிய ட்ரக் ஹோர்னை அழுத்தியபடி பின்வாங்கியது. யோகனின் கால் பிறேக்கில் இருந்தது.

"காலை எடுங்கோ! பிறேக்கில இருந்து காலை எடுங்கோ!"

அவர் எடுத்தாரா என்று பார்க்கவில்லை. இடக்கையை நீட்டி அந்தப் பெட்டியின் பிடியைத் தேடிப் பிடித்து, போகும் மட்டும் தள்ளினேன். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. ட்ரெயிலர் இன்னும் ஒருமுறை ஆடி, நேரானது. எல்லாமாகப் பத்து விநாடி இருக்காது.

அடுத்த வெளியேறும் பாதையில் இறங்கி ஓரமாக நிறுத்தினார். அவருடைய கைகள் ஸ்ரியறிங்கில் ஒட்டியதுபோல் இருந்தன.

"காத்து" என்றார் கடைசியில். "பக்கத்தாலை ஒரு காத்து அடிச்சுது. பாத்தனீரே?"

நான் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். விசு எப்படி இருக்கிறதென்று பார்க்க அவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். பட்டி போடாத நாய் அவருடைய கைக்குக் கீழாலே பாய்ந்து, இரும்புத் தடுப்பைத் தாண்டி, சரிவில் இறங்கி மரங்களுக்குள் போய்விட்டது. அவர் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். இலைகள் மிதிபடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று நாய் தேடுவது ஆபத்து. யோகன் வண்டியை மெல்ல எழுநூறு மீற்றர் ஓட்டிப்போய், சரிவுக்குக் கீழே இருந்த ஒரு கால்நடைத் தீவனக் கடையின் முற்றத்தில் ட்ரெயிலரை நிறுத்தினார். நான் மர ஓரமாகக் கூப்பிட்டுக்கொண்டே நடந்து வந்தேன். கடையின் வாசலில் ஓர் அமெரிக்கக் கொடி. அது கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் அசைவு இல்லை. முற்றத்தில் உதிர்ந்திருந்த இலைகளும் அசையவில்லை. பதினாறு வருடம் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காற்றிலும் பனியிலும் ஓடிய எனக்கு, காற்று எது என்று தெரியும். ஆனால் அந்த நேரம் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. விசு எங்கே என்பதுதான்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேடினோம். யோகன் சரிவில் இரண்டு தரம் விழுந்து எழும்பினார். மூன்றரை மணிபோல் கடைக்காரப் பெண் ரப்பர் சப்பாத்தோடு வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும், பெயர் கேரல் என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"முதலில் கூப்பிடுவதை நிறுத்துங்கள்" என்றார். "அது பயந்துபோயிருக்கிறது. நீங்கள் கத்தக் கத்த இன்னும் தூரம் போகும். வீட்டில் எதற்கு அது எங்கிருந்தாலும் எழும்பி ஓடி வரும்?"

யோகனும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். "கருவாடு."

அது என்னவென்று ஆங்கிலத்தில் விளக்கினேன். உப்புப் போட்டுக் காயவைத்த மீன், பொரித்தால் கொஞ்சம் மணக்கும் என்றேன். கொஞ்சம் என்று சொன்னது பொய்.

"பொரியுங்கள்" என்றார். "பக்கத்தில் எனக்கு மாடுகள் மட்டும்தான். அவை முறைப்பாடு செய்யாது."

ட்ரெயிலரின் கதவையும் இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்து, தாச்சியில் எண்ணெய் ஊற்றிக் கருவாட்டைப் போட்டேன். வீட்டில் புகையுணர்வி கத்தும் என்பதால் கராஜில் வைத்துத்தான் பொரிப்பேன். இங்கும் அது கத்தியது, பற்றரியைக் கழற்றிவிட்டேன். யோகன் தன் மணம் பிடித்து வரட்டும் என்று உள்ளங்கியைக் கழற்றி மர ஓரத்தில் போட்டுவிட்டு, ட்ரெயிலரின் படியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். கேரல் கடைக்குள்ளே நின்று ஜன்னலால் பார்த்தார். முதல் தாச்சி முடிந்தது. இரண்டாவது போட்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு கருவாட்டை ஒரே நாளில் நான் பொரித்ததில்லை.

4.25க்கு விசு வந்தது. காட்டுப்பக்கத்தால் அல்ல, மாட்டுப்பட்டி வேலியோரமாக, முன்காலொன்றைத் தூக்கித் தூக்கி, வயிறெல்லாம் சேறும் முள்ளும் ஒட்ட வந்தது. என்னிடம் வரவில்லை. நேரே யோகனிடம் போய் அவருடைய முழங்காலுக்கு நடுவில் தலையை வைத்தது. அவர் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. மகள் விமானம் ஏறிய அன்றும் அழாத மனிதர். நான் அடுப்பை அணைத்துவிட்டு, உப்பு போகக் கழுவிய ஒரு சின்னத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விசுவுக்குத்தான்.

காலில் சின்ன வெட்டு. கேரல் மாட்டுக்குப் போடும் மருந்துத் துணியால் கட்டிவிட்டார். காசு வாங்கவில்லை. மீதிக் கருவாட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மென்று முடித்து, "நாய் ஏன் வந்தது என்று இப்போது விளங்குகிறது" என்றார். நல்லது என்று சொன்னாரா, மற்றதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புறப்படும்போது நான் ஓட்டுநர் பக்கக் கதவருகில் போய் நின்று கையை நீட்டினேன்.

"திறப்பைத் தாங்கோ."

"நான் இப்ப சரியாயிட்டன்."

"ஓம். திறப்பைத் தாங்கோ."

தந்தார். மிகக் கிட்ட இருந்த முகாமிடத்தைத் தேடிப் பிடித்தேன். 38 கிலோமீற்றர். வாழ்க்கையில் முதல் தரம் ட்ரெயிலர் இழுத்தேன். முதல் பத்துக் கிலோமீற்றரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பஸ் நீளம் என்றாலும் ஒரே உடம்பு. இது இரண்டு உடம்பு. திரும்பும்போது பின்னது தன் இஷ்டத்துக்கு உள்ளே வெட்டும்.

நாலாவது நிமிடத்தில் யோகன் நித்திரை. வாயைத் திறந்தபடி குறட்டை விட்டார். பிறகு குறட்டை நின்றது. நல்லது, ஆழ்ந்த நித்திரை என்று நினைத்தேன். ஆனால் மூச்சுச் சத்தமும் இல்லை. நான் எண்ணத் தொடங்கினேன். இருபத்திரண்டு எண்ணியபோது, தண்ணீருக்குள் இருந்து எழும்பினவர்போல ஓர் இழுப்பு இழுத்து மூச்சு வந்தது. மறுபடி குறட்டை. மறுபடி நிறுத்தம். முப்பத்தெட்டுக் கிலோமீற்றரும் அப்படியேதான்.

உங்களுக்குக் கேள்வி வரலாம், இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் தெரியாதா என்று. அவர் இரவு வேலை. காலை ஏழரைக்கு வந்து படுப்பார், நான் ஆறு மணிக்கே பஸ்ஸில் ஏறியிருப்பேன். சனி ஞாயிறிலும் அவருக்கு இரவில் நித்திரை வராது; கீழ் அறையில் தொலைக்காட்சியோடு இருப்பார். நான் ஓய்வெடுத்த பிறகும் பகலில் கதவைச் சாத்திக்கொண்டுதான் படுத்தார்; அல்பனியில் அவருக்கு முன்னரே நான் நித்திரையாகிவிட்டேன். பத்தொன்பது வருடமாக நாங்கள் ஒரே வீட்டில் வேறு வேறு நேரத்தில் நித்திரை கொண்டோம். குறட்டை தெரியும். மூச்சு நிற்பது தெரியாது.

அடுத்த நாலு நாளும் நானே ஓடினேன். அவர் ஒரு தடவை கேட்டார், இரண்டாவது தடவை கேட்கவில்லை. மூன்றாம் நாள் 352 கிலோமீற்றர், வேர்ஜீனியாவில் நியூ மார்க்கெட் பக்கம். மலை இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாக நிற்க நடுவால் போகும் பாதை. பார்க்க நேரமில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தேன். அங்கேதான் முதல் தரம் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. பக்கத்து இடத்தில் கியூபெக் இலக்கத்தகடோடு நின்றவர் "பொன்ஜூர்" என்று சொல்லிக்கொண்டே வந்து ஒரு வித்தை சொல்லித் தந்தார். ஸ்ரியறிங்கின் அடிப்பக்கத்தில் கையை வையுங்கள். ட்ரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அவ்வளவுதான். இந்தப் பதிவிலிருந்து ஒன்றை மட்டும் எடுப்பதென்றால் இதை எடுங்கள் என்று எழுதியிருப்பேன், மற்றது நடந்திராவிட்டால்.

நாலாம் நாள் 448 கிலோமீற்றர், 77ஆம் நெடுஞ்சாலையால் இறங்கி வட கரோலைனாவில் ஸ்டேட்ஸ்வில். ஐந்தாம் நாள் 466, சவன்னாவுக்குக் கிட்ட. ஆறாம் நாள் 287, செயின்ட் ஒகஸ்டின். ஞாயிறு பின்னேரம் ஒன்றரைக்குப் போய் நின்றபோது வெப்பநிலை 26 பாகை. வழித் தங்கல்கள் 40இலிருந்து 55 டொலர் வரை. செயின்ட் ஒகஸ்டினில் ஒரு நாளைக்கு 64, பன்னிரண்டு இரவு. பெற்றோல் நூறு கிலோமீற்றருக்கு 21 லீற்றர் குடித்தது, போக மட்டும் 402 அமெரிக்க டொலர்.

கடற்கரையில் நாயை வாரோடு கொண்டுபோகலாம். புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு மூவரும் நடந்தோம். விசுவின் கால் ஆறிவிட்டது. அலை வர ஓடுவதும் அலை போக அதைத் துரத்துவதுமாக இருந்தது. யோகன் நின்றார்.

"சாந்தி, அண்டைக்குக் காத்து இல்லை."

"தெரியும்."

"நான் நித்திரையாப் போனன்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சோ ஒண்டும் கேக்காமல் இருந்தனீர்?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒரு கிழமை எடுத்திருக்கிறியள்."

அதோடு முடிந்திருந்தால் நான் அவரை அணைத்திருப்பேன். அவர் தொடர்ந்தார். ஓகஸ்டில் வேலை முடிந்து வரும்போது 13ஆம் நெடுஞ்சாலையில் ஒருமுறை இப்படி நடந்ததாம். அதற்கு முன்பே, ஏப்ரலில், குடும்ப வைத்தியர் நித்திரைப் பரிசோதனைக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தாராம். அதை இவர் தொழிற்சாலை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"ஏன்?"

"லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள் எண்டு பயம். பாரந்தூக்கியிலயும் ஏற விடமாட்டாங்கள். அறுபது வயசில ஆர் எனக்கு வேறை வேலை தருவான்? இந்தப் பயணமும் நிண்டு போயிருக்கும். நீர் ஓய்வெடுத்தாப்பிறகு போற முதல் பயணம்."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. "நான் உப்பிடி ஒரு வியாதியை மறைச்சுக்கொண்டு ஒரே ஒரு நாள் அந்தப் பிள்ளையளை ஏத்தியிருந்தால் நீங்கள் என்னை என்ன சொல்லியிருப்பியள்? அண்டைக்குப் பக்கத்தில வந்த ட்ரக்கில ஆர் இருந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமே?" என்று கேட்டேன். விசுவின் வாரை வாங்கிக்கொண்டு நான் தனியே நடந்தேன். தெற்கே இரண்டு கிலோமீற்றர் போயிருப்பேன். விசு அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தது. கடைசியில் அது மணலில் படுத்துவிட்டது. மேலே ஓர் அடி வைக்க மறுத்தது. நானும் பக்கத்தில் இருந்தேன். பறிபோகும் வேலையை நினைத்து அவர் ஏழு மாதம் தனியே பயந்திருக்கிறார். அந்த ஏழு மாதத்தில் ஒரு நாளாவது நான், ஏன் இப்படிக் களைத்துப்போய் வருகிறீர்கள் என்று கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதாக நினைவில்லை. அதனால் கோபம் குறையவில்லை. ஆனால் திரும்பி நடக்க முடிந்தது.

நான் வந்தபோது அவர் ட்ரெயிலர் முன்னால் கைபேசியைக் காதில் வைத்தபடி இருந்தார். மொன்றியல் கிளினிக்குக்கு எடுத்து நாற்பது நிமிடமாகக் காத்திருந்தாராம். நான் கோப்பி போட்டுக் கொடுத்தேன். ஒருவழியாக ஆள் கிடைத்தபோது தன் அரைகுறைப் பிரெஞ்சில், எதையும் மறைக்காமல், வண்டி ஓட்டும்போது நித்திரையானேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். டிசம்பர் முதல் வாரத்துக்கு நாள் கொடுத்தார்கள்.

மற்ற நாட்கள் நல்ல விடுமுறையாகவே போயின. மீன் வாங்கிச் சமைத்தோம், பழைய கோட்டை பார்த்தோம், இரண்டு பேரும் நன்றாகக் கறுத்தோம். திரும்பும் வழி ஐந்து நாள், முழுவதும் நானே ஓடினேன். அவர் சமைத்தார், பின்னுக்கு எடுக்கும்போது இறங்கி நின்று கை காட்டினார். வேர்ஜீனியாவிலேயே தண்ணீர்க் குழாய்களை வடித்து உறைதடுப்புத் திரவம் ஊற்றிவிட்டோம். நீங்களும் அதற்கு வடக்கே வரமுன் அதைச் செய்துவிடுங்கள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. நாய்க்குப் பட்டி எப்போதும் பூட்டியிருக்கட்டும், அழுதாலும் கழற்றாதீர்கள். கதவைத் திறக்கமுன் வாரைக் கையில் எடுங்கள். கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள். ஒரு நாளைக்கு 450 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம், மத்தியானம் சோறும் வேண்டாம். ட்ரெயிலர் பிறேக்கின் கைப்பிடி எங்கே இருக்கிறதென்று பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். இரண்டு பேருமே இழுக்கவும் பின்னுக்கு எடுக்கவும் பழகுங்கள். "அது என்ர வேலை" என்று யார் சொன்னாலும் சிரித்துவிட்டு விடாதீர்கள். இரவு வேலை செய்பவர் வீட்டில் இருந்தால், புறப்படமுன் இரண்டு முழு இரவு அவருடைய நித்திரைக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள். குறட்டை நின்றுபோனால் எண்ணுங்கள்.

பரிசோதனையில் அவருக்கு மணித்தியாலத்துக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நின்றது தெரிய வந்தது. சிகிச்சை பிடிபடும் வரை வண்டி ஓட்ட வேண்டாம் என்றார் வைத்தியர். வேலையிடத்தில் தானே போய்ச் சொன்னார். வேலையைப் பறிக்கவில்லை, இரண்டு மாதம் பகல் நேரத்தில் சரக்குச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள், சம்பளம் கொஞ்சம் குறைவு. பிறகு வைத்தியர் கையெழுத்துப் போட, பாரந்தூக்கிக்குத் திரும்பினார். இரவு வேலையை மட்டும் அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

மூச்சுக்கு உதவும் இயந்திரம் வீட்டுக்கு வந்தது ஜனவரியில் ஒரு வியாழன். முகமூடியைப் பார்த்து விசு குரைத்துக் கட்டிலுக்குக் கீழே போனது. பத்து மணிக்குப் படுத்தோம், இருவரும் ஒரே நேரத்தில். நான் நடுவில் இரண்டு தரம் விழித்து எண்ணிப் பார்த்தேன். எண்ண எதுவும் இருக்கவில்லை. காலை ஆறு பத்துக்கு அவர் எழுந்து, முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் கனநேரம் இருந்தார்.

"என்னப்பா?" என்றேன்.

"சாந்தி, மற்ற ஆக்கள் எல்லாரும் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் எழும்புறவையோ?"

ஓம் என்றேன்.